மூன்றாவது கழி

அண்ணி, ஏரியில் உப்புப் பூத்துவிட்டது. காலையில் காற்று திரும்பியதும் உதட்டில் கரித்தது. எழுத்து அறியாதவள் நான்; மனசால்தான் உனக்கு எழுதுகிறேன்.

சித்திரையில் தண்ணீர் வற்றி, கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை வெளேரென்று கிடக்குமே, அதில் உனக்கு அப்படியொரு ஆசை. என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் கோடையில், வானம் கீழே இறங்கிப் படுத்துக்கொண்டதா என்று கேட்டாய். தூரத்தில் பூநாரைகள் சிவப்பாய் அசைந்தன. நான் சிரித்தேன். அந்த உப்பு இல்லாவிட்டால் நம் மீன் நாறிப்போகும். கோட்டையிலிருக்கும் ஒல்லாந்தரின் கப்பலுக்கும் கருவாடு ஏது?

வெள்ளைக்கு அடியில் எது கெட்டி, எது ஆளை விழுங்கும் உளைச்சேறு என்று பார்த்தால் தெரியாது. வருஷத்துக்கு வருஷம் மாறும். அதனால் கெட்டித்தரை வழியே ஆண்கள் வலைக்கழிகளை நட்டு வைப்பார்கள். "கண்ண நம்பாதடி, கழிய நம்பு" என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொண்டே முன்னால் நடப்பாய். நீ கடைசியாய் நடந்த வருஷம் மூன்றாவது கழியில் வழி வடக்கே திரும்பியது.

அன்று கருவாட்டுக் கயிறு கட்டிய கொம்பு முறிந்து, மீனெல்லாம் மணலில் விழுந்துவிட்டது. காக்காய் வேறு. முதல் இரண்டு கழிகள் கரைக்கே தெரியும், எடுத்தால் ஏசுவார்கள் என்று ஓடிப்போய் மூன்றாவதைப் பிடுங்கி வந்தேன். அப்புறம் நட்டுக்கொள்ளலாம், இன்னா இப்போ என்று இருந்துவிட்டேன், பாவி. நீ உப்பு அள்ளக் கூடையோடு போனதை நான் பார்க்கவில்லை. மீனைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

உச்சி வெயில் கானலில் வழி தவறிவிட்டாள் என்றார்கள். ஊரே நம்பியது. உன் காலடிகள் இரண்டாவது கழியிலிருந்து நாலாவதைப் பார்த்து நேராகப் போயிருந்தன. நீ தவறவே இல்லை, அண்ணி. பாதியில் கூடை மட்டும் கிடந்தது.

உன் கருமாதி முடிந்து நாங்கள் தின்றது அந்தக் கழியில் காய்ந்த மீனைத்தான்.

அதிலிருந்து ஒவ்வொரு கோடையும் மூன்றாவது கழியை நான்தான் நடுவேன் என்று அடம்பிடிக்கிறேன். இன்றும் நட்டேன். பக்கத்தில் நின்ற அண்ணன், "அவ மேல உனக்கு இன்னா பாசம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான்தான் பிடுங்கினேன் என்பது வாய்வரை வந்தது. இன்றும் சொல்லவில்லை.

கழியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அசையவில்லை. பொழுது சாய்வதற்குள் இன்னொரு தரம் போய்ப் பார்ப்பேன்.