கறுப்புக் கரையும் இரண்டு திகதியும்

பெப்ரவரி 11

கழுத்து இன்றைக்கும் பிடித்துக்கொண்டது. பதுளைக்கு வந்த இரண்டு வருடமும் இந்தக் கதிரையிலேயே போய்விட்டது. தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா நடத்தும் பெண்களுக்கான ஒன்லைன் பாடநெறி. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் இவர்கள்தான். பன்னிரண்டு பாடம், அத்தனையும் நான் செய்தது. 'எந்தப் போனிலும் படிக்கலாம்' என்று முதல் பக்கத்தில் பெருமையாகப் போட்டதும் நான்தான்.

நாற்பத்தொரு பேர் படிக்கிறார்கள். அதில் பதினேழு பேர் கடைசிப் பக்கத்தில் அப்படியே நிற்கிறார்கள். எல்லாப் பாடமும் படித்து, எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, 'சமர்ப்பி' என்ற பொத்தானை மட்டும் அமுக்கவில்லை. என்ன மனிசர் இவர்கள்?

பெப்ரவரி 13

ஐந்து பேருக்கு அழைத்தேன். ஐந்து பேரும் "அமுக்குறேங்க மிஸ்" என்றார்கள். ஒருவரும் அமுக்கவில்லை.

பெப்ரவரி 17

பொறுப்பாளர் லரீபா மிஸ் பட்டியல் கேட்டார். 28ஆம் திகதிக்குள் முடிக்காதவர்களுக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் காம்பராவில் வேலையும் இல்லை, திரும்பவும் கூடையோடு மலையேற வேண்டியதுதான்.

"அவங்களுக்கே அக்கறையில்ல, நீங்க ஏன் கெடந்து அலையிறீங்க?" என்றார்.

எனக்கும் அலுத்துவிட்டது. பதினேழு பெயரையும் தட்டச்சு செய்து, 'காரணம்' என்ற இடத்தில் 'கவனக்குறைவு' என்று போட்டுக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை. பட்டியலில் முதல் பெயர் வேலாயி. எல்லாரையும்விட அவருக்குத்தான் புள்ளிகள் அதிகம். அவர் எப்படிக் கவனக்குறைவானவர் ஆவார்?

பெப்ரவரி 20

லீவு போட்டுவிட்டுத் தெமோதரைப் பக்கம் போனேன். பஸ், பிறகு ஒரு மணித்தியால நடை. சப்பாத்துக்குள் தண்ணீர்.

வேலாயி அக்கா தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். "வாங்க மிஸ், சத்தம் போடாதீங்க, இப்பதான் தூங்குனாங்க" என்றார். போனைக் காட்டச் சொன்னேன். மகள் பாவித்து விட்ட பழைய போன், என் உள்ளங்கைக்குள் அடங்கும், கண்ணாடியில் வெடிப்பு. கடைசிப் பக்கத்தைத் திறந்து, ஓரத்தில் பிடித்து நீட்டினார்.

பார்த்தேன். ஐயோ கடவுளே.

என் கணினியில் அது அகலமான பக்கம். ஒரு பக்கம் படிப்பவரின் படம், நடுவில் புள்ளிகள், மற்றப் பக்கம் திகதிகள். இந்தச் சின்னப் போனில் புள்ளிகள் எல்லாம் கீழே எங்கேயோ போய்விட்டன. கண்ணில் படுவது இவ்வளவுதான்: கறுப்புக் கரை போட்ட வேலாயி அக்காவின் படம். அதன் கீழ் 'பிறந்த திகதி'. அதன் கீழ் 'நிறைவுத் திகதி: பெப்ரவரி 28'. அதன் கீழ் 'சமர்ப்பி'.

"கண்ணீர் அஞ்சலி நோட்டீசுங்க மிஸ்," என்றார் மெதுவாக. "போன வருஷம் எங்க வீட்டுக்காரருக்கு இப்பிடித்தான் அடிச்சு லயத்து வீடு பூரா ஒட்டுனோம். எனக்கு சாவுற தேதியும் போட்டாச்சு. அத நானே என் கையால அமுக்கணுமா?"

"ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"படிச்சவங்க செஞ்சது. நாங்க எப்பிடிங்க குத்தம் சொல்றது? மத்தவங்களும் அமுக்க மாட்டேன்னுட்டாங்க."

முதலில் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் ஏறிய பிறகு அது போய்விட்டது. அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடிக்கக் கொடுத்தவள் நான். கறுப்புக் கரை, படம், இரண்டு திகதி. பாடநெறியின் கடைசிப் பக்கத்தையும் நூறு தரமாவது பார்த்திருப்பன். எனக்குத் தெரியாமப் போச்சே! சின்னப் போனில் ஒருக்கா, ஒரே ஒருக்கா, திறந்து பாத்திருக்கலாமே. விசரி.

பெப்ரவரி 21

நடந்ததைச் சொல்லிப் பட்டியலைத் திருப்பிக் கேட்டேன். லரீபா மிஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு, "இதையெல்லாம் மேல சொல்ல ஏலாது. தொழில்நுட்பக் கோளாறுன்னு போடுங்க, முடிஞ்சிடும்" என்றார்.

'வடிவமைத்தவரின் கவனக்குறைவு' என்று போட்டேன். கையெழுத்தும் வைத்தேன்.

பெப்ரவரி 23

அலுவலகக் காவலாளி இராமையா அண்ணனின் போனை இரவல் வாங்கி வேலை செய்கிறேன். இருக்கிறதில் சின்னது அதுதான். படத்தை எடுத்தாயிற்று, திகதிகளையும். பொத்தானில் என்ன எழுதுவது? 'நிறைவு' — வேண்டாம். 'முடிவு' — வேண்டவே வேண்டாம். கடைசியில் 'படிச்சிட்டேன்' என்று போட்டேன். அதற்குள் இராமையா அண்ணன் மூன்று தரம் வந்து போனைக் கேட்டுவிட்டார்.

பெப்ரவரி 26

பதினாறு பேர் அமுக்கிவிட்டார்கள். வேலாயி அக்கா இல்லை. அழைத்தால் மணி போகவில்லை.

பெப்ரவரி 27

இன்றைக்கும் இல்லை. பயமாகக் கிடக்கு.

பெப்ரவரி 28

ஐந்து மணிக்கு எல்லாரும் போய்விட்டார்கள். நான் போகவில்லை. ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அழைப்பு வந்தது.

"மிஸ், வேலாயி பேசுறேங்க. ரெண்டு நாளா அங்க சிக்னலே இல்ல. புள்ளைங்கள அனுப்பிட்டு ரயிலு ஸ்டேசனுக்கு நடந்து வந்தேன். அமுக்கிட்டேன்."

திரையைப் பார்த்தேன். நாற்பத்தொன்று. "ரெண்டு நாளாப் பயந்துபோனன் அக்கா," என்றேன்.

"மிஸ், பயப்படாதீங்க," என்றார். "உசிரோடதான் இருக்கேன்."