ஒரு குரலுக்கே ஓடி வருகிறார்கள்

என் கண்ணான மருமகனே ரவி,

உன்னைத் தொடாதவர்கள் ஒருநாள் ஓடி வருவார்கள் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உன்னைக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஏற்றிப்போன வேனிலேயே சொன்னேன். எட்டாவதோடு நின்றவன்தான், ஆனால் இந்த மாமன் வாக்கு ஜில்லா முழுக்கப் பலித்திருக்கிறது.

உனக்கு எச்.ஐ.வி. என்ற ரிசல்ட்டைப் பார்த்ததும் கடலூர் டாக்டர், "பெட் இல்ல" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் காலிக் கட்டில்கள். சிதம்பரத்தில் கடைசி மூலையில் படுக்க வைத்தார்கள். உன் கால் புண்ணின் கட்டைப் பிரிக்க ஒருவரும் கிட்டே வரவில்லை. அங்கேயே உயிரை விட்டாய்.

அதற்குப் பிறகு அந்த மூலையிலிருந்து "சிஸ்டர்..." என்று உன் குரல் கேட்கிறது. கேட்ட வார்டு பாய் பெஞ்சோடு சரிந்தான். பெரிய டாக்டரே பூசணிக்காய் உடைத்தார். சிதம்பரம் பஸ்ஸில் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். திட்டக்குடியில் இறங்கும்போது வேறொருவன் எனக்கே இதைச் சொன்னான்!

பேய்தான் ஒரு தடவை கூப்பிடும், முதல் குரலுக்குத் திரும்பாதே என்பது ஊர் வழக்கம். அந்த வார்டில் நேர்மாறு. கூப்பிடுவது நீயா, நோயாளியா என்று தெரியாமல் முதல் குரலுக்கே வந்துவிடுகிறார்கள்.

உன் பெண்சாதி மலருக்கும் அதே வியாதிதானே? வயிற்று ஆபரேஷன் முடிந்து, இந்த வியாதிக்கு ஆண் பெண் என்றில்லாமல் ஒதுக்கிய அதே மூலையில் இப்போது கிடக்கிறாள். நேற்று மத்தியானம் ஒரு நர்ஸ் வேகமாக வந்தாள்.

"யாரு கூப்ட்டது?"

"நான் கூப்புடலையே சிஸ்டர்" என்றாள் மலர்.

"ஆம்பளக் குரலு கேட்டுச்சே. ஐயா, நீங்களா?"

"வாயில பலாச்சுளைய வச்சிக்கிட்டு எப்பிடிம்மா கூப்புடுவேன்?" என்றேன் நான்.

நர்ஸ் மலரின் போர்வையை விலக்கினாள். தையல் விட்டுக் கட்டெல்லாம் ரத்தம். கையுறையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு டாக்டருக்குக் குரல் கொடுத்தாள்.

"எனக்கு அந்த வியாதி இருக்கு சிஸ்டர்..."

"தெரியும்க்கா. அதுக்காக ரத்தம் போறத வேடிக்க பாக்கவா?"

டாக்டர் வந்து மறுபடி தைத்தார். மலர் பிழைத்தாள்.

"பேய்க்குப் பயந்துதான வந்த?" என்று நர்ஸைச் சீண்டினேன்.

"பயந்தா ஓடில்ல போயிருப்பேன்? கூப்ட்டா வரணும் ஐயா. வேலையே அதான்."

மலர் எழுந்து நடக்கும்வரை நான் அந்தக் கட்டிலை விட்டு நகர மாட்டேன். இனி நீ சிரமப்படாதே. கூப்பிட எனக்குத் தொண்டை இருக்கிறது.

ஆனால் ரவி, மூலையில் உன் குரல் கேட்கிறது என்பது நானே கட்டிவிட்ட கதை. உயிரோடு இருந்தபோதும் நீ கூப்பிட்டதே இல்லை. அவர்கள் முகத்தைத் திருப்பிய முதல் நாளே வாயை மூடிக்கொண்டாய்.

நேற்றுக் கேட்டது, அன்றைக்கு நீ கூப்பிடாமல் வைத்திருந்த குரலா?

உன் தாய்மாமன்,
காடாம்புலியூர் கலியபெருமாள்