நான்கு பச்சைப் பொட்டலங்கள்

செப்டம்பர் 6, சனி

கூண்டு ஒருவழியாக எழுந்து நின்றுவிட்டது. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தேன், முடிக்கும்போது மதியம் ஒன்றரை. இருபது மாடிக் கட்டடத்து லிஃப்டைக் கழற்றி மாட்டுகிறவள் நான். நாலு வலைச் சட்டத்தைக் கோக்க ஐந்தரை மணி நேரம்! ஆ-தெ சோபாவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். "ஷு-ஃபென், இதுல ஒரு தடவைக்கு எத்தனை பேர் ஏறலாம்?" என்று வேறு கேட்டான். கட்டிக்கொண்ட பாவத்துக்கு ஸ்பேனரை எறியாமல் விட்டேன்.

அவனுக்குப் பூனைதான் ஆசை. எனக்குப் பூனை முடி பட்டாலே மூச்சு இழுக்கும். பதினோரு வருஷமாக நடக்கிற வழக்கு இது. ரோமமும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் ஒரு பிராணி இருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை என்று கடைசியில் ஒப்புக்கொண்டான். அது பச்சோந்தி என்று தெரிந்ததும் முகம் தொங்கிவிட்டது.

கூண்டுக்குள் கீழிருந்து மேல் வரை கிளைகள், ஒரு செம்பருத்தி, படர்வதற்கு மணிபிளான்ட். மேலே இரண்டு விளக்குகள், ஒன்று குளிர்காய, ஒன்று எலும்பு வலுப்பட. பக்கத்து அலமாரியில் தண்ணீர் தூவும் பம்ப். கிண்ணத்தில் வைத்தால் அது தண்ணீர் என்றே பச்சோந்திக்குத் தெரியாதாம். இலையில் சொட்ட வேண்டுமாம். ராஜ உபசாரம்தான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஷான்ஹுவாவுக்குப் போய் சாய் அண்ணனிடமிருந்து வாங்கி வந்தோம். பத்து வருஷமாகப் பச்சோந்தி வளர்த்துக் கொடுக்கிற மனிதர். தருவதற்கு முன் என்னைக் கேட்ட கேள்விகளை என் மாமியார்கூட என்னைக் கேட்டதில்லை.

நாலு மாதக் குட்டி, ஆண், ஐம்பத்திரண்டு கிராம். அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு மாசம் கழிச்சு இங்கயே தூக்கிட்டு வா தங்கச்சி. எடை ஏறியிருந்தா உன் பேரு, அவன் பேரு ரெண்டையும் அட்டையில எழுதித் தரேன். இறங்கியிருந்தா நான் திருப்பி எடுத்துப்பேன். அதுவரைக்கும் பேரு மட்டும் வச்சிடாத. பேரு வச்சவன் எவனும் திருப்பிக் குடுத்ததில்ல."

சரி, பெயர் இல்லை. 'அவன்' போதும்.

என் கையில் எதுவும் தங்கியதில்லை. கள்ளிச்செடி மூன்று, தங்கமீன் இரண்டு. கள்ளிச்செடியே சாகிறது என்றால் என்ன சொல்ல? இந்த ஒருவனாவது என்னை நம்பிப் பிழைக்க வேண்டும். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

செப்டம்பர் 9, செவ்வாய்

சாப்பிட்டான்! சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிய சில்வண்டு ஒன்றைக் கிளையில் விட்டேன். ஒரு கண் என்னைப் பார்த்தது, ஒரு கண் அதைப் பார்த்தது. நாக்கு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஆறு சில்வண்டுகள்! ஏழாவது தப்பித்து ஆ-தெவின் செருப்புக்குள் போய்விட்டது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 10, புதன்

சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 12, வெள்ளி

பம்ப் அடைத்துக்கொண்டது. குழாய் முனையைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், ஓடியது. சாயங்காலம் மறுபடி மக்கர். இயந்திரம் சொன்னபடி கேட்பதற்காக எங்கள் ஊர் மெக்கானிக்குகள் எந்த லிஃப்ட் அறைக்குப் போனாலும் செய்வதை வீட்டிலும் செய்தேன்: தேங்காய் வாசனைச் சோளப் பொரி, பச்சைப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்து பம்ப் மேல் சாய்த்து வைத்தேன். மஞ்சள் பொட்டலம் வாங்கினால் இயந்திரம் மந்தமாகும், சிவப்பு வாங்கினால் நின்றே போகும். தேதி தாண்டக் கூடாது. எழுத்துள்ள பக்கம் என்னைப் பார்த்து இருக்க வேண்டும். முக்கியமாக, யாரும் தின்னக் கூடாது.

பம்ப் ஓடுகிறது. பதினாறு வருஷ அனுபவம், சும்மாவா?

செப்டம்பர் 14, ஞாயிறு

நேற்று இரண்டுதான் தின்றான். இன்று ஒன்று. நிறமும் கொஞ்சம் மங்கல்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கறுத்துவிட்டான். வாழைப்பழத் தோல் மாதிரிப் பழுப்பும் கறுப்புமாக. வாயைத் திறந்து 'ஸ்ஸ்' என்கிறான். என்னையா? விளக்கையா? சூடு சரியாகத்தான் இருக்கிறது. சில்வண்டு அவன் காலிலேயே ஏறிப் போகிறது, திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னும் இரண்டு பொட்டலம் வாங்கினேன். ஒன்று விளக்கின் டைமருக்கு, ஒன்று அலமாரியின் மறுகோடியில், பொதுவாக.

ஆ-தெ சிரித்தான். "ரிப்பேர் ஆனது மிஷினா, பல்லியா?" பல்லி என்று சொல்லாதே என்றேன்.

செப்டம்பர் 18, வியாழன்

நாற்பத்தொன்பது கிராம்.

சாய் அண்ணனுக்குப் போன் செய்தேன். தண்ணீர், சூடு, வெளிச்சம் எல்லாம் கேட்டார். எல்லாம் சரி. "கூண்டுக்கு எதிர்ல கண்ணாடி ஏதும் மாட்டியிருக்கியா? தன்னையே பார்த்து வேற ஆம்பளைன்னு நினைச்சுக்குவான், பட்டினியா கிடப்பான்." வீட்டில் இருக்கிற ஒரே கண்ணாடி குளியலறையில், அண்ணே என்றேன். "அப்போ பொறுத்துப் பாரு. ரொம்ப இறங்கினா சீக்கிரமே கொண்டு வந்துடு" என்றார்.

கொண்டு வந்துடு. இவ்வளவுதானா?

நாலாவது பொட்டலம் வைத்தேன். அலமாரியில் இப்போது வரிசையாக மூன்று, டைமர் பக்கம் ஒன்று.

செப்டம்பர் 21, ஞாயிறு

நாற்பத்தேழு. கிளையின் பின்பக்கம் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறான், என் கண்ணிலேயே படக் கூடாது என்பது போல.

குளித்துவிட்டு வரும்போது கூடத்தில் ஆ-தெவின் குரல் கேட்டது. யாருடன் பேசினாய் என்றேன். பாட்டுப் பாடினேன் என்றான். இவன் பாடி நான் கேட்டதே இல்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

புயல் விடுமுறை. காலையிலிருந்து ஜன்னல் அடித்துக்கொள்கிறது. பத்து மணிக்குக் கரண்ட் போய்விட்டது. விளக்கு இல்லை, பம்ப் இல்லை. போர்வையால் கூண்டைச் சுற்றிக் கட்டிவிட்டு, மணிக்கொரு தரம் கைத்தெளிப்பானால் இலைகளை நனைத்தேன். மதியம் வாளியில் மழைநீர் பிடிக்க வெளி மாடிப்படிக்குப் போய் வந்தேன். அதற்குள்—

தின்றுவிட்டான். ஆ-தெ. நான்கையும்! தரையில் நாலு வெற்று உறைகள், மடியெல்லாம் பொரித்தூள்.

"டேய், என்னடா பண்ணி வச்சிருக்க?"

"கடையெல்லாம் மூடியிருக்கு. நூடுல்ஸ் போட அடுப்பும் இல்ல. பசிக்குது, என்ன பண்ணச் சொல்ற?"

"அது திங்கறதுக்கா வச்சிருக்கு? பதினாறு வருஷத்துல ஒரு லிஃப்ட் ரூம்ல ஒருத்தன் தொட்டிருப்பானா? நாலும் போச்சே! அவனும் போகப் போறான், நீ நல்லா தின்னு, நல்லா தின்னு!"

அழுதுவிட்டேன். பொரிக்காக அழுகிறேனா என்று பயந்துபோய்ப் பார்த்தான். பொரிக்காக இல்லை. மூன்று கள்ளிச்செடி, இரண்டு மீன், இப்போது இவன். எனக்கு வராது. எந்த உயிரையும் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. இயந்திரம் மட்டும்தான் என் பேச்சைக் கேட்கும்.

ஆ-தெ உறைகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டான். நான் மறுபடி கைத்தெளிப்பானை எடுத்தேன்.

செப்டம்பர் 24, புதன்

விடிந்ததும் கரண்ட் வந்தது. போர்வையை விலக்கினேன்.

பச்சை! செம்பருத்தி இலைக்கு நடுவில் இன்னொரு இலை மாதிரி உட்கார்ந்திருக்கிறான். சில்வண்டை விட்டேன். சடக். இன்னொன்று. சடக். எட்டு! எட்டு சில்வண்டுகள்!

"பார்த்தியா, நான் தின்னதால" என்றான் ஆ-தெ. போடா என்றேன். ஆனால் மனதில் ஏதோ உறுத்தியது.

செப்டம்பர் 25, வியாழன்

யோசித்துக்கொண்டே இருப்பதைவிடச் சோதித்துவிடுவது என் வழக்கம். ஒரு புதிய பொட்டலம் வாங்கி, பம்ப் மேல் அதே இடத்தில் வைத்தேன். எழுத்துள்ள பக்கம் என்னைப் பார்த்து. பிறகு அவன் கிளையின் உயரத்துக்குக் குனிந்து, அவன் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

பொட்டலத்தின் முதுகு வெள்ளி. விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று. அதில் கோணல்மாணலாக ஒரு பச்சோந்தி!

மூன்று நிமிஷத்தில் கறுத்தான், உடம்பைத் தட்டையாக்கி ஆடினான். எடுத்தேன். பத்து நிமிஷத்தில் பச்சை.

சாய் அண்ணன் போனில் இருமல் வரும்வரை சிரித்தார். "ஒருத்தன் வந்து நிக்கிறான்னு பயந்து கறுத்தா, அவனுக்குத் துணைக்கு இன்னும் மூணு பேரைக் கூட்டிட்டு வந்து நிறுத்தியிருக்கியே தங்கச்சி!"

சிரிக்கட்டும். அவன் பிழைத்தால் ஊரே சிரிக்கட்டும்.

ஆ-தெவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அப்போ அந்த அஞ்சாவதையும் குடு" என்றான். கொடுத்தேன்.

செப்டம்பர் 29, திங்கள்

ஐம்பத்தொன்று.

அக்டோபர் 5, ஞாயிறு

நாளை நிலாப் பண்டிகை. ஷான்ஹுவா வழியெல்லாம் இப்போதே பண்டிகைக்கு இறைச்சி சுடுகிற கரி அடுப்புப் புகை. இரண்டு பம்ப்ளிமாஸ் பழம் வாங்கிக்கொண்டு சாய் அண்ணன் வீட்டுக்குப் போனோம். மடியில் அவன் இருக்கிற கூடை. பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வந்த ஆ-தெ ஒவ்வொரு குழிக்கும் வண்டியை நிறுத்தாத குறையாக ஊர்ந்தான்.

தராசில் வைத்தார். எண் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

ஐம்பத்தெட்டு.

"உன் பையன்தான்" என்றார் அண்ணன். அட்டையை எடுத்தார், என் பெயரை எழுதினார். "இவன் பேரு?"

ஒரு மாதமாக அந்தப் பக்கமே நினைக்காமல் இருந்தவள், சட்டென்று எப்படிச் சொல்வது?

"ஆ-மு" என்றான் ஆ-தெ. கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை.

திரும்பிப் பார்த்தேன். "எப்போலேர்ந்து?"

"வந்த ரெண்டாம் நாள்லேர்ந்து." காது சிவந்துவிட்டது அவனுக்கு. "மரக்கட்டை மாதிரி நின்னானா, மரத்துக்கு 'மு'தானே, அதான் ஆ-மு. நீ குளிக்கப் போறப்பல்லாம் கூப்பிட்டுப் பேசுவேன். சாப்பிடாம கிடந்தானே, என்ன செய்யறது?"

பேரு வைக்காதே என்றார்கள், வைத்தான். தின்னாதே என்று வைத்ததை நாலு பொட்டலம் தின்றான். ஒன்றையாவது சொன்னபடி கேட்டிருக்கிறானா இந்த மனிதன்? வண்டியில் திரும்பும்போது அவன் தோளில் சாய்ந்துகொண்டேன்.

அக்டோபர் 22, புதன்

ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய், வேலை முடிய எட்டு மணி ஆகிவிட்டது. புதிய பச்சைப் பொட்டலம் வைத்துவிட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். சுவர்தான்.

போனில் ஆ-தெவின் செய்தி காத்திருந்தது: "ஆ-மு சாப்பிட்டான், ஏழு. நீ சாப்டியா?"