கீழே யாருமில்லை என்று எழுதினேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். ஜார்ஜியாவில் மழை விட்டுவிட்டது.

ஒரு சின்னச் சம்பவம், பயப்படாதீர்கள். செவ்வாயன்று இங்கே ஒரு மீன்பிடி கிளப்பின் சிறிய அணை உடைந்தது. உயிர்ச்சேதம் இல்லை. போன வருடம் அதைச் சோதித்தவள் நான்தான். உடைந்தால் கீழே யாருக்கு ஆபத்து என்று பார்த்துத் தரம் எழுத வேண்டும். நான் முட்புதருக்குள் இறங்கச் சோம்பல்பட்டு, மேலே நின்றே பழைய வரைபடத்தைப் பார்த்து 'கீழே யாருமில்லை, ஆபத்து குறைவு' என்று எழுதிவிட்டேன்.

கீழே ஓடைக்கரையில் ஓடெல் பிக்கெட் என்ற வெல்டர், சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டில் இருந்திருக்கிறார். வீடு வெள்ளத்தோடு போய்விட்டது. மரத்தைப் பிடித்துத் தப்பியிருக்கிறார். நேற்று மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"கீழ யாருமில்லன்னு எழுதினது நீங்கதானாம்மா?"

"ஆமாங்க."

"ஆறு வருஷமா இங்கதான் இருக்கேன். ஒரு குரல் குடுத்திருந்தா காபி போட்டுக் குடுத்திருப்பேனே!"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அப்பா.

செய்த தவறை அப்படியே எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். ஞாயிறன்று கூப்பிட்டு எதையாவது பேசிக்கொண்டிருங்கள். என் ரப்பர் பூட்ஸ் கொட்டகையில் இருக்கும், உடனே அனுப்புங்கள். இதேபோல் மேலே நின்றே நான் எழுதிக்கொடுத்த அணைகள் இன்னும் பதினொன்று இருக்கின்றன.

வண்டி காத்திருக்கிறது.

உங்கள் மகள்,
லோரெட்டா