பதினேழாம் கேள்விக்கு வாப்பா சொன்ன பதில்

செவ்வாய்க் கோள், கொற்கை நிலையம். நாள் 212.
பதிவு: ஷமீமா, பத்தாம் வகுப்பு.

09:05
இதைக் கண்டெடுப்பவருக்கு: இங்கே நாங்கள் ஆறு பேர். இன்று என் வாப்பாவுக்கு இதய வால்வு மாற்றுகிறார்கள். அறுப்பது இயந்திரக் கைகள். மயக்க மருந்து கொடுப்பது டாக்டர் கோமதி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் குறிப்பெழுதுகிறேன். நேற்று வாப்பாவின் உடல்நலப் படிவத்தையும் நானே நிரப்பினேன்.

09:40
ஹெப்பாரின் செலுத்தியாயிற்று. இனி இரத்தம் உறையாது. இதயத்தை நிறுத்திவிட்டார்கள். அதன் வேலையைப் பம்ப் செய்கிறது.

11:32
புது வால்வு பொருந்தியது. பம்ப் நின்றது. இதயம் தானாகத் துடிக்கிறது.
ஸ்பீக்கரில் டாக்டர்: "எழுதிக்கோ ஷமீமா. வால்வு பழுதாகிக் களைச்சுக் கிடந்த உங்க வாப்பாவைச் சோம்பேறின்னு சொன்னவங்க வாயில மண்ணு."

11:40
புரோட்டமின் தொடக்கம். ஹெப்பாரினை முறித்து இரத்தத்தை உறையவிடும் மருந்து. மீனிலிருந்து எடுப்பது என்று கையேட்டில் படித்திருக்கிறேன்.

11:43
இரத்த அழுத்தம் 110, இப்போது 48. இதயத்தின் வலப்பக்கம் வீங்குகிறது. மருந்து நிறுத்தம். அட்ரினலின். மறுபடி ஹெப்பாரின், மறுபடி பம்ப்.

11:49
"ஷமீமா, படிவத்துல பதினேழாவது கேள்வியை வாசி."
"மீன் ஒவ்வாமை உண்டா? இல்லை."
"யார் சொன்னது?"
வாப்பா சொன்னது. காயல்பட்டினத்துக்காரர் ஏன் மீனைத் தொடுவதில்லை என்று கேட்டேன். "பிடிக்காது, அவ்வளவுதான். இல்லைன்னு எழுது புள்ள" என்றார். எழுதினேன்.
பூமியில் இருக்கும் உம்மாவுக்குக் கேட்டு அனுப்பியிருக்கிறேன். பதில் வர அரை மணிக்கு மேலாகும்.

12:20
தையல்கள் எல்லாம் கசிகின்றன. சேமித்த இரத்தம் தீர்ந்தது.
"புரோட்டமின் கொடுத்தா இதயம் நிக்கும். கொடுக்கலைன்னா இரத்தம் நிக்காது. வேற மருந்து நம்மகிட்ட இல்ல."
முன்பே தெரிந்திருந்தால் பூமியிலிருந்து வேறு மருந்து வரும்வரை காத்திருப்பார்களாம்.

12:24
உம்மா: "வாப்பாவுக்குச் சின்ன வயசுல மீன் தின்னு மூச்சு நின்னுபோச்சு. தெரிஞ்சா அங்க அனுப்ப மாட்டாங்கன்னு மறைச்சாங்க. உனக்குச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. நீ உள்ளதை எழுதிடுவேன்னு பயம். ஆபரேஷன் நல்லா முடிஞ்சுதா புள்ள?"

12:31
அழுத்தம் 41. டாக்டர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டார். எழுதியது போதும் என்று கையால் காட்டுகிறார். நான் நிறுத்தவில்லை.

12:38
அழுத்தம் 26.
வாப்பா, என்னிடம் உண்மையைச் சொல்லி மறைக்கச் சொல்லியிருந்தால் நான் யாரிடமும் சொல்லியிருக்க...
இல்லை. சொல்லியிருப்பேன்.