மெயினை இறக்கிய பிறகும் ஓடிய கரண்ட்

டீச்சரம்மா என்று ஊரே கூப்பிட்டாலும் எனக்கு மட்டும் வசந்தியாக இருந்தவளே,

நீ போய் ஒரு வருஷமும் ரெண்டு மாசமும் ஆகிறது. இத்தனை நாளும் மனசுக்குள்ளேயே உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன், எழுதத் தோன்றவில்லை. இப்போது பேசினால் ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகிறேன். அந்த இடத்தைத் தாண்டத்தான் இந்தக் கடிதம்.

இருபது வருஷமாக நம்மிடம் வேலை செய்கிற மரியா செத்துப் பிழைத்தாள், வசந்தி. நம்ம தோட்டத்தில், என் கண் முன்னால். பயப்படாதே, உயிரோடு இருக்கிறாள். முழுக்கச் சொல்கிறேன்.

முந்தின நாள் நல்ல மழை. மறுநாள் பதினோரு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடித்தது. கொடுமுடிப் பக்கம் மழை விட்ட வெயில் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமே. உடம்பு முடியாத நாளிலும் நீ நாற்காலி போட்டு உட்கார்ந்து கிணற்று மேட்டில் மாட்டவைத்த சோலார் பலகைகளுக்கு அடியில் புல் மண்டிக் கிடந்தது. பிடுங்கச் சொன்னது நான்தான்.

மரியா குனிந்து பிடுங்கிக்கொண்டே போனாள். நிமிர்வதற்காகப் பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைப் பிடித்தாள். ஈர மண், வெறுங்கால். பிடித்த கை விடவில்லை. சத்தம்கூட வரவில்லை. பல் கிட்டி, உடம்பு விறைத்து அப்படியே நின்றாள்.

கூட வேலை செய்த சரசுதான் கத்தினாள்: "ஐயோ, கரண்டு புடிச்சுக்கிச்சுங்கோ! புடிச்சு இழுங்கோ!"

நான் மோட்டார் ரூம் வாசலில் நின்றிருந்தேன். ஒரே எட்டில் உள்ளே போய் மெயினை இறக்கினேன். ரூம் பல்பு அணைந்தது. கரண்ட் போய்விட்டது என்று ஓடினேன், அவள் இடுப்பைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டியும் விட்டேன். அப்போதுதான் பார்த்தேன். சட்டத்தை ஒட்டிய தூணில் இருக்கிற சோலார் பெட்டியில் எண்கள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்துவதற்கு முந்தின நாள் என்னை உட்காரவைத்துச் சொல்லிப் பார்ப்பாயே, பத்தாவது ஃபெயிலான என்னை. "தாமிரம், இரும்பு, ஈர மண்ணு, நம்ம உடம்பு எல்லாம் கரண்டை விடுமுங்க, கடத்தி. ரப்பர், பிளாஸ்டிக், பீங்கான், காஞ்ச மரம் விடாது, காப்பான். ரெண்டுக்கும் நடுவுல சிலிக்கான், குறைகடத்தி. சும்மா கெடந்தா பெருசா விடாது. வேற பொருளைத் துளி கலந்தாலோ, சூடு, வெளிச்சம் பட்டாலோ விடும். அதை நாம வேணுங்கிற அளவுக்கு அடக்கி வெச்சு வேலை வாங்கலாம். உங்க செல்போனுக்குள்ள இருக்கறதும் அதுதான்." அதற்கு நான், "விடும், விடாதுன்னு ரெண்டையும் சொன்னா அதை எப்படி டீச்சர் நம்பறது?" என்று கேட்டுச் சிரிக்கவைத்தேன்.

பலகை மாட்டின அன்றைக்கும் சொன்னாய்: "இதுவும் அந்தக் குறைகடத்திதானுங்க. வெளிச்சம் பட்டா கரண்டு உண்டாகிட்டே இருக்கும். மெயினை எறக்குனா ஈ.பி. கரண்டு நிக்கும். சூரியனை யாருங்க எறக்கறது?"

நீட்டின கையை இழுத்துக்கொண்டேன். திரும்பி மோட்டார் ரூமுக்கே ஓடினேன். நான் முதுகைக் காட்டி ஓடுவதை மரியா பார்த்தாள். அந்தக் கண்ணை நான் என்ன செய்வேன், வசந்தி? அவள் என்ன நினைத்திருப்பாள்?

பரணில் நனையாமல் கிடந்த பி.வி.சி. பைப்பை எடுத்து வந்து மணிக்கட்டைப் பார்த்து அடித்தேன். முதல் அடி வழுக்கியது. ரெண்டாவது அடியில் கை பிரிந்து மண்ணில் விழுந்தாள். மூச்சு இருந்தது.

ஈரோட்டு ஆஸ்பத்திரியில் உள்ளங்கையும் பாதமும் வெந்திருக்கிறது என்றார்கள். இதயத் துடிப்பைப் பார்க்க மூணு நாள் வைத்திருந்தார்கள். எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார். "அணில் ஒயரைக் கடிச்சுபோட்டுதுங்க" என்றேன். பொய்யில்லை. மேல்தோல் போய்த் தாமிரம் வெளியே வந்து சட்டத்தில் உரசிக் கிடந்தது. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஊருக்குள் அதற்குள் கதை வேறாகிவிட்டது. "ஈரக் கையோட போய்த் தொட்டிருக்கறா. வெவரம் பத்தாது." டீக்கடையில் என் காதுபடவே பேசினார்கள். நான் டீயைக் குடித்து முடித்து எழுந்து வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா வந்தாள். மரியாவின் மகள், உன்னிடம் பிளஸ் டூ படித்தவள். இப்போது கோயமுத்தூரில் மோட்டார் கம்பெனி ஒன்றில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். நேராகக் கிணற்று மேட்டுக்குப் போனாள். பலகைகளைத் தார்ப்பாயால் மூடச் சொன்னாள், ரப்பர் கையுறையை மாட்டினாள், மீட்டரை வைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்தாள். நான் பின்னாலேயே நின்றேன். எனக்கு வேர்த்தது.

சட்டத்தின் காலடியில் உட்கார்ந்தாள். மண்ணை விலக்கினாள். பச்சை ஒயரின் அறுந்த முனை அவள் கையில் வந்தது.

"எர்த்து ஒயருங்க சார் இது. எப்படிங்க அறுந்துச்சு?"

"தெரியலையே கண்ணு. அணிலாத்தான் இருக்கும்."

முனையை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். "அணில் கடிச்சா பல்லு பதிஞ்சிருக்குமுங்க. இது இழுத்து அறுந்தது. தாமிரம் கறுத்துப்போய்க் கெடக்குது. அறுந்து ரொம்ப நாளாச்சுங்க."

கையுறையைக் கழற்றாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த இடத்தில்தான் நான் இத்தனை நாளும் நின்றுகொண்டிருக்கிறேன் அம்மணி.

மரியா அடிபடுவதற்கு ரெண்டு மாசத்துக்கு முன்னால் டிராக்டரில் உழும்போது கலப்பையில் சிக்கி அந்த ஒயர் அறுந்தது. வண்டியை விட்டு இறங்கிப் பார்த்தேன். அது எதற்கு என்று எனக்குத் தெரியும். நீதான் சொல்லியிருந்தாயே, "சட்டத்துல கரண்டு கசிஞ்சா, ஆளு உடம்பு வழியா போகாம இது வழியா மண்ணுக்குப் போகட்டும்னுதானுங்க இந்த ஒயரு" என்று. மோட்டார் ஓடியது, தண்ணீர் வந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று மறுபடி வண்டி ஏறினேன். அந்த 'நாளை' வரவே இல்லை.

ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டேன். அறுந்த முனையைக் கீழே வைத்தாள். பிறகு, "எங்கிட்ட சொல்லி என்னங்க சார் ஆகப்போகுது? அடிபட்டது எங்கம்மா" என்றாள். புது ஒயர் கட்டி, மீட்டரில் பார்த்து, திருப்தியான பிறகுதான் மண்ணை மூடினாள். டீ குடிக்கச் சொன்னேன். வேண்டாம் என்று நடந்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் மரியா ஊட்டுக்குப் போனேன். இருபது வருஷத்தில் அந்த வாசலை நான் மிதித்தது அதுதான் முதல் தடவை. நீ எத்தனையோ முறை போயிருப்பாய். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காருங்க" என்றேன். அவளிடம் எனக்கு அந்த 'ங்க' வந்தது அன்றைக்குத்தான். "அந்தப் பச்சை ஒயரை அறுத்தது என் கலப்பைதான். தெரிஞ்சே உட்டுபோட்டேன். தப்பு என்மேல. மன்னிச்சுக்குங்க."

"தெரியுமுங்க."

எனக்குப் புரியவில்லை. "என்ன தெரியும்?"

"அன்னைக்கு நான் வாய்க்கால்ல தண்ணி திருப்பிட்டிருந்தேனுங்க. ஒயரு சிக்குனது, நீங்க எறங்கிப் பாத்தது, மறுபடி ஏறுனது எல்லாம் பாத்தேன். அது எதுக்கு இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியுமே, சரி பண்ணீருவீங்கன்னு இருந்தேன்."

இடது கையால் சொம்பை நகர்த்தி எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியாது.

மரியா இனிமேல் நம்ம தோட்டத்துக்கு வரமாட்டாள். வலது கையில் மூணு விரல் மடங்கவில்லை. ஸ்டெல்லா கோயமுத்தூர் சரவணம்பட்டிக்குத் தன்னோடு கூட்டிப்போகிறாள். ஆஸ்பத்திரிச் செலவையும் இனி ஆகிற வைத்தியத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றதற்கு, "பாருங்க" என்று மட்டும் சொன்னாள் அந்தப் பெண். உன்னிடம் படித்த பெண்.

நீ இருந்திருந்தால் எனக்குச் சோறு போட்டிருப்பாயா, வசந்தி? போட்டிருப்பாய். பேசியிருப்பாயா என்றுதான் தெரியவில்லை.

ஈரக் கையோட தொட்டாள் என்று ஊர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால்தான் இதை உனக்கு மட்டும் எழுதி மடித்து வைக்காமல், எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். இன்றைக்குக் காலையில் டீக்கடையிலும் சொன்னேன். மரியா பேரைச் சொல்லி எவன் எங்கே அந்தப் பேச்சை எடுத்தாலும் அங்கேயே குறுக்கிட்டு நடந்ததைச் சொல்வேன். எத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்வேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் ஊட்டுக்காரன்,
சாமியப்பன்