உனக்குக் கண் வரைந்துவிட்டார்கள், அப்பா

என் ஆசை அப்பாவுக்கு,

போன இடத்தில் சுகமா? அங்கேயும் வெயிலா? உன்னைச் சும்மா உட்கார விடுகிறார்களா, இல்லை அங்கேயும் யாராவது கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டார்களா? கேட்க நிறைய இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு சமாச்சாரம் சொல்ல வேண்டும். கோமுகி ஆற்றங்கரைக் கலைவிழா இந்த வருஷமும் நடந்து முடிந்தது. நீயும் வந்திருந்தாய்.

இதை ஊரே படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. பாதிப் பேர் நேரில் பார்த்ததுதான். மீதிப் பேர் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

போன வருஷம் நீ உயிரோடு வந்தாய். விழா வாசலில் வைக்க ஒரு விவசாயி பொம்மை வேண்டும் என்று விழாக்குழுக்காரர்கள் கேட்க, அய்யனாருக்கு மண்குதிரை செய்கிற வேளார் மாமா உன்னைத்தான் பிடித்துக்கொண்டு போய் நிறுத்தினார். தோளில் மண்வெட்டி, தலையில் துண்டு. வேலைக்குப் போகவில்லையா என்று கேட்ட அம்மாவிடம், இப்போது நான் மாடல், என்னைத் தொந்தரவு செய்யாதே என்றாய். என்ன ஒரு பவிசு உனக்கு!

வைக்கோலும் களிமண்ணும் குழைத்து, சூளையில் வைக்காமல் காயவைத்துச் சாயம் பூசிய பொம்மை அது. உன் உயரம், உன் கூன், எண்ணி எடுக்கிற மாதிரி உன் விலா எலும்பு எல்லாம் இருந்தன. கண் மட்டும் இல்லை. அந்த இடத்தில் வழவழவென்று இரண்டு மேடு. நான் கேட்டேன். உயிரோடு இருக்கிறவன் உருவத்துக்குக் கண் திறப்பதில்லை, அது எங்கள் வழக்கம், ஏனென்று கேட்டால் எனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டார் வேளார் மாமா. நீயோ அந்தப் பொம்மைக்குப் பக்கத்தில் அதைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு நின்று, வருகிறவர் போகிறவரையெல்லாம் போட்டோ எடுக்கச் சொன்னாய். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அந்தக் கார்த்திகையில் வடக்கனந்தல் பக்கம் கரும்பு வெட்டப் போன இடத்தில், உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தாய். நமக்கு ஆண் வாரிசு இல்லை. குழியில் முதல் பிடி மண்ணை நான்தான் போட்டேன். பொட்டப்புள்ள போடலாமா என்று முணுமுணுத்தவர்கள் பக்கம் நான் திரும்பவே இல்லை.

அன்றைக்குப் பிறகு அம்மா பேச்சை விட்டுவிட்டாள். தட்டில் சோறு வைத்தால் இரண்டு வாய், அதோடு எழுந்துவிடுவாள். காலையில் கள்ளக்குறிச்சிக்கு ஜெராக்ஸ் கடை வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம், சாயங்காலம் வந்து பார்க்கும்போது இவள் இருப்பாளா என்ற பயத்தோடுதான் பஸ் ஏறினேன். இப்போது ஜனங்களைப் பார்த்தால் மனசு மாறும் என்று நினைத்து, விழாவின் முதல் நாள் சாயங்காலம் நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் அதே பொம்மை. சாயம் மங்கிப்போயிருந்ததாம். வெளியூர் பெயிண்டர் ஒருவரை வைத்துப் புதிதாக அடித்திருந்தார்கள். அந்த மனுஷனுக்கு வேளார் வழக்கம் எப்படித் தெரியும்? கண்ணை யாரோ வரைய மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, அதையும் முடித்துவிட்டார்.

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். மேடையில் வெள்ளிமலையிலிருந்து வந்தவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், ஒரே மேளச் சத்தம். அதற்குள்ளும் அம்மா மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "வந்துட்டியாய்யா?"

அப்பா, உன் வலது கண் இடது கண்ணைவிடச் சின்னது. கரும்புத் தோகை கீறிய நாளிலிருந்து அந்த இமை பாதிக்கு மேல் திறந்ததில்லை. பொம்மையிலும் வலது கண் அப்படித்தான் இருந்தது. பெயிண்டரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். உன்னை அவர் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. அந்த இடத்தில் மண் கொஞ்சம் இறங்கியிருந்தது, கை தானாக அப்படிப் போய்விட்டது என்றார். மண் இறங்கியிருக்கலாம்தான். உன் கண்ணில் மட்டும் ஏன் இறங்க வேண்டும்?

ஆட்டம் முடிந்து இறங்கிய மலைக்காரப் பெண் ஒருத்தி, எல்லோரையும் போல வாசல் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனாள். போகிற போக்கில் என்னிடம், இவர் இறந்து எத்தனை மாதமாகிறது என்று விசாரித்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் உச்சிப் பொழுதில் அம்மாவைக் காணோம் என்று பக்கத்து வீட்டிலிருந்து போன் செய்தார்கள். கடையைப் போட்டது போட்டபடி ஓடினேன். விழாத் திடலில் ஈ காக்கை இல்லை. நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன. ஆற்றில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, மணல் மட்டும் கொதித்துக் கிடந்தது. அம்மா உன் காலடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உனக்கு முன்னால் ஒரு வாழையிலையில் சோறு. அவள் தட்டு காலி. இத்தனை மாதத்தில் நான் பார்க்காத காலித் தட்டு.

அவள் முகத்தில் சிரிப்பு. நீ சொன்னதை எனக்குச் சொன்னாள். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றாயாம். கரும்புக்காட்டில் கடைசியாகத் தாகம் எடுத்தது, கூப்பிட்டேன், யாருக்கும் கேட்கவில்லை என்றாயாம். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "நீ ஏன் முன்னால வந்து நிக்க மாட்டேங்கறன்னு கேட்டுக்கினே இருக்காரு."

உண்மைதான். வந்ததிலிருந்து உன் முதுகுப் பக்கமாகவே நின்றேன். நீ பெற்ற மகள், உன்னைப் பார்க்கப் பயந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அழுகைதான் வருகிறது.

நாளையோடு விழா முடிகிறது, பொம்மை திரும்ப விழாக்குழுவின் கிடங்குக்குப் போய்விடும் என்று அம்மாவிடம் சொன்னேன். "நானும் அங்கியே இருந்துக்கறேன், இன்னா இப்போ?" என்றாள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. மாற்றுப் புடவையைப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். பொம்மையின் கண்ணை மூடினால் அவள் மறுபடியும் பட்டினியில் படுத்துக்கொள்வாள். மூடாவிட்டால் அவள் எனக்கு இல்லை. நீயே சொல், நான் எதைச் செய்திருக்க வேண்டும்?

வேளார் மாமாவிடம் ஓடினேன். கிட்டே வரவே மாட்டேன் என்றார். ஆற்று மண்ணை எடுத்துக் கண்ணில் அப்பினால் போதும், ஆனால் குழியில் மண் போட்ட கைதான் அதைச் செய்ய வேண்டும் என்றார். இதுவும் வழக்கமா, அப்போதைக்குச் சொன்னதா, தெரியவில்லை. அவருக்கும் பயம்.

அன்றைக்குப் பொழுது சாயும் முன்னே, ஆற்று மணலைத் தோண்டி, அடியில் இருந்த ஈரக் களியை ஒரு பிடி எடுத்துக்கொண்டு உன் முன்னால் வந்து நின்றேன். அம்மா தடுப்பாள் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒன்று மட்டும் சொன்னாள். "மெதுவா அப்பு. அவுரு கண்ணுல தூசி வுழுந்தா தாங்க மாட்டாரு."

இடது கண்ணை மூடினேன். வலது கண்ணில் வைத்தபோது, என் விரலுக்குக் கீழே ஏதோ அசைந்தது. ஈர மண் நழுவியிருக்கும். நான் கையை எடுக்கவில்லை. எனக்குக் கொடுத்து வைத்தது ஒரு அப்பா, புதைத்தது மட்டும் இரண்டு தடவை.

பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்துகொண்டு, இனிமேல் என்னோடு யார் பேசுவார்கள் என்று கேட்டாள். நான் பேசுகிறேனே என்றேன். "நீ பேசுவ. அவுரு மாதிரி திட்ட ஒனக்குத் தெரியாதே" என்றாள்.

நான் பயந்தது போலவே அவள் தட்டைத் தள்ளிவைத்துப் படுத்துக்கொண்டாள். ஆனால் நேற்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அடுப்படியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இரண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கேட்கலாமென்று வாயெடுப்பதற்குள் போன் அடித்தது. கிடங்கு வாட்ச்மேன். பொம்மையின் ஒரு கண்ணில் அப்பிய மண் காய்ந்து உதிர்ந்துவிட்டது, அந்தப் பக்கம் போகவே ஒரு மாதிரியாக இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். காய்ந்த மண் உதிரத்தான் செய்யும் என்று சொல்லி போனை வைத்தேன். எந்தக் கண் என்று நான் கேட்கவில்லை. அம்மாதான் உள்ளேயிருந்து சொன்னாள். "சோத்தாங்கைப் பக்கத்துக் கண்ணு. எனக்குத் தெரியும்."

அப்பா, மண்ணை எடுத்துக்கொண்டு நான் மறுபடி வர மாட்டேன். அந்த ஒரு கண் அப்படியே இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் நானே அம்மாவைக் கிடங்குக்கு அழைத்து வருகிறேன். இந்தத் தடவை உனக்கு முன்னால்தான் நிற்பேன். ஆனால் அவளை அங்கே தங்கச் சொல்லாதே. உனக்கு அவள் எவ்வளவு வேண்டுமோ, அதைவிட எனக்கு வேண்டும்.

அணையைத் திறந்து ஆற்றில் தண்ணீர் வருகிற அன்றைக்கு, நாங்கள் இரண்டு பேரும் வந்து உன்னை அந்தத் தண்ணீரில் மெதுவாக இறக்கிக் கரைத்துவிடுகிறோம். இது சத்தியம். அன்றைக்கு அந்தக் கண்ணை நீயே மூடிக்கொள். என் கையால் மூடச் சொல்லாதே.

இரண்டு தடவை உனக்கு மண் போட்ட,
உன் ஒரே மகள்
செல்வி